பழைய பெட்டிக்குப் பெரிய திரையும் கிராபிக்ஸ் கார்டும்: எந்தக் குணங்குறிக்கு எங்கே கை வைப்பது

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்துகொண்டு கலியாணக் கார்ட், நினைவு மலர், டியூட்டரி நோட்டீஸ் என்று பக்கம் வடிவமைத்துப் பிழைக்கிற ஆள் நான். என்னிடம் இருப்பது 2012 காலத்துப் பெட்டி. மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5, ஏதோ அலுவலகத்தில் கழித்துவிட்டதைப் பழசாக வாங்கியது. 19 இஞ்சிச் சதுர மொனிட்டரைக் கழற்றிவிட்டு 27 இஞ்சியில் 2560க்கு 1440 புள்ளித் திரை ஒன்றும், கூடவே பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றும் எடுத்தேன். கம்ப்யூட்டர்க் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவிலிருந்து மொனிட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தது பின்னேரம் ஐந்து மணிக்கு. திரையில் முதல் படம் வந்தது நடுச்சாமம் ஒன்றரைக்கு. அந்த எட்டரை மணித்தியாலத்தில் படித்ததும், பிறகு தெரிந்த ஆக்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்ததில் பிடிபட்டதும்தான் கீழே இருக்கிறது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். புதுச் சாமான் போட்டவுடன் பிரச்சினை வந்தால் எல்லோரும் புதுச் சாமானைத்தான் சந்தேகிப்பார்கள். கார்டைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுவோம், கடைக்காரத் தம்பி தன்னுடைய மெஷினில் பூட்டிப் போட்டுக் காட்டுவார், அங்கே சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி வேலை செய்யும், நாம் அசடு வழிந்துகொண்டு திரும்பி வருவோம். பழைய பெட்டியில் பத்து வருசமாகத் தூங்கிக்கொண்டிருந்த குறை ஒன்றைப் புதுக் கார்ட் தட்டி எழுப்பியிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். அதனால் காசு செலவில்லாத இடத்தில் தொடங்குங்கள்: கேபிள், பூட்டிய விதம், பயோஸ் (மெஷின் எழும்பும்போது மதர்போர்ட்டில் முதலில் ஓடுகிற அமைப்பு), கரண்ட். கார்டைக் கடைசியில் பார்க்கலாம்.

காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு

கீபோர்டில் நம்லொக் பட்டனை அமத்திப் பாருங்கள். அந்தச் சின்ன விளக்கு பத்தி நூர்ந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, படம்தான் வெளியே வரவில்லை. விளக்கு அசையவே இல்லையென்றால் மெஷின் எழும்பவேயில்லை. இரண்டும் வேறு வேறு வழக்கு, ஒன்றாகக் குழப்பினால் இரவு முழுக்கத் தேடலாம்.

உயிரோடு இருக்கிறதென்றால் மொனிட்டர் என்ன சொல்கிறது என்று வடிவாகப் பாருங்கள். 'நோ சிக்னல்' என்றால் மொனிட்டரின் மெனுவில் எந்த இன்புட் தெரிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தானாகக் கண்டுபிடிக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் சில மொனிட்டர்கள் கடைசியாக இருந்த இன்புட்டையே பிடித்துக்கொண்டு நிற்கும். 'அவுட் ஒஃப் ரேஞ்ச்' என்று வந்தால் படம் வந்து சேர்கிறது, மொனிட்டர் தாங்காத வேகத்தில் வருகிறது, அவ்வளவுதான். பழைய மொனிட்டரைக் கொளுவி அளவைக் குறைத்துவிட்டு மாற்றுங்கள்.

அப்புறம், கேபிளை எங்கே கொளுவியிருக்கிறீர்கள்? சிரிக்காதீர்கள். பெட்டியின் பின்பக்கம் இப்போது படம் வருகிற இடம் இரண்டு: மதர்போர்ட்டின் சொந்தப் போர்ட் வரிசை ஒன்று, கார்டின் வரிசை ஒன்று. கார்ட் போட்டவுடன் பல அலுவலகப் பெட்டிகள் மதர்போர்ட் வழியைத் தாமாகவே மூடிவிடும். பழைய இடத்திலேயே கேபிளைக் கொளுவியிருந்தால் கறுப்புத்தான்.

மெஷின் எழும்பவேயில்லை என்ற வழக்கில், ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கார்டை எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். கார்ட் இல்லாமல் பழையபடி எழும்புகிறதென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது மதர்போர்ட்டில் கார்டைப் பூட்டுகிற ஸ்லொட். எங்கள் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி இரண்டு வருசத்தில் துருப்பிடிக்கிற காற்று வீசுகிறது. பத்து வருசமாக வெறுமனே திறந்துகிடந்த ஸ்லொட்டை அது சும்மா விட்டிருக்குமா? டோர்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே தூசி ஈரத்தில் ஊறிக் காய்ந்து கறுத்த பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. கார்டின் அடியில் இருக்கும் பொன்னிறப் பற்களில் மூன்று நான்கில் இலேசான பச்சை. பற்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கிற வெள்ளை அழிறப்பர் போதும். மெதுவாக, ஒரே திசையில் தேய்த்து, ஐசோபுரப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்லொட்டுக்குள் அழிறப்பர் வேண்டாம், துகள் உள்ளே போய் நின்றுவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியை எடுத்துவிட்டு, கார்டை இரண்டு மூன்று தரம் பூட்டிக் கழற்றினால் அந்த உரசலே உள்ளிருக்கும் தகடுகளைத் துப்புரவாக்கிவிடும்.

பூட்டும்போது இன்னொரு சின்ன விசயம். கார்டை அமத்தி, நுனியில் இருக்கும் கிளிப் 'டிக்' என்று விழுந்த பிறகுதான் பின்பக்கத் திருகாணியை இறுக்குவோம். அந்த இரும்புத் தகடு கொஞ்சம் வளைந்திருந்தால், திருகாணி இறுக இறுக கார்டின் மற்றத் தலை ஒரு மயிரிழை மேலே கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது. இறுக்கிய பிறகும் ஒருமுறை விரலால் அமத்திப் பாருங்கள்.

இனி பயோஸ். கார்டைக் கழற்றி, மதர்போர்ட்டின் சொந்தப் போர்ட்டில் கேபிளைக் கொளுவி, பயோஸுக்குள் போய், முதன்மைக் காட்சி எது என்று கேட்கும் இடத்தில் 'பெக்' அல்லது 'பிசிஐ எக்ஸ்பிரஸ்' என்று வைத்துவிட்டு மீண்டும் பூட்டுங்கள். அதுவும் சரிவரவில்லையென்றால் ப்ளக் கழற்றிய நிலையில் சிஆர்2032 பெற்றரியைக் கொஞ்ச நேரம் எடுத்துவைத்துப் போட்டால் பயோஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். அந்த பெற்றரியும் பத்து வயசுதானே, கையோடு புதிதாகவே போட்டுவிடுங்கள்.

மதர்போர்ட் 2010, 2011 காலத்து பழைய பயோஸ் வகை, கார்ட் அண்மையில் வந்தது என்றால் இரண்டும் ஒரே பாசை கதைக்காமல் இருக்கலாம். புதுக் கார்ட்கள் யூஇஎஃப்ஐ (பழைய பயோஸுக்குப் பதிலாக வந்த புது முறை) எதிர்பார்க்கும். இன்டெல் ஆர்க் வகையைப் பழைய பெட்டிக்கு எடுக்கவே வேண்டாம் என்பேன். யூஇஎஃப்ஐ மட்டும் போதாது, ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாவிட்டால் காசுக்கேற்ற வேகமே வராது, அது இந்த வயசுப் பெட்டிகளில் கிடையாது. யூஇஎஃப்ஐ இருக்கிற மதர்போர்ட்டில் சிஎஸ்எம் என்ற பழைய முறையை நிற்பாட்டிப் பார்க்கலாம். ஆனால் உங்கள் விண்டோஸ் டிஸ்க்கைப் பிரிக்கிற பழைய எம்பிஆர் முறையில் போட்டதாக இருந்தால் அதற்குப் பிறகு விண்டோஸ் எழும்பாது. பயப்படாமல் சிஎஸ்எம்மைத் திரும்பப் போட்டால் வரும். நிரந்தரமாக மாற்றுவதென்றால் விண்டோஸ் 10இல் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, பைல்களைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு.

பயோஸ் லோகோ வரவில்லை, ஆனால் விண்டோஸ் லொகின் திரை மட்டும் வருகிறது என்றால் அது தனி வருத்தம். என்விடியாவின் 900, 1000 வரிசைக் கார்ட்களில், டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 மொனிட்டர் கொளுவினால் இப்படி நடப்பதுண்டு. அதற்கென்றே 2018இல் என்விடியா ஒரு பேர்ம்வெயார் (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) கருவி வெளியிட்டது. எச்டிஎம்ஐ கேபிளில் எழுப்பி, அதை ஒருமுறை ஓட்டினால் சரி. ஓட்டுகிற நேரம் கரண்ட் போகக்கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீப் கேட்கிறது

ஏஎம்ஐ பயோஸில் எட்டு பீப் என்றால் கார்டின் மெமரி. அவார்ட் பயோஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் படம் சம்பந்தப்பட்டது. பெரிய நிறுவனப் பெட்டிகளுக்குத் தனித்தனி அட்டவணை, மொடல் பெயரோடு தேடுங்கள்.

ஆனால் பீப் எங்கிருந்து வருகிறது என்று முதலில் காதை வைத்துப் பாருங்கள். அன்றிரவு நான் தரையில் குந்திக்கொண்டு, போனில் ஒரு அட்டவணையைத் திறந்து வைத்து, எண்ணி எண்ணிப் பார்த்தேன்: நாலு பீப், இடைவெளி, நாலு பீப். அட்டவணைப்படி மதர்போர்ட் டைமர் பழுது. அரை மணித்தியாலம் அதைப் பற்றி வாசித்தேன். அம்மா தண்ணீர் குடிக்க எழும்பி வந்தவர், "ஏனப்பு அந்தக் கறுப்புப் பெட்டி கத்துது, கரண்ட் இருக்குத்தானே?" என்றார். கத்தியது மேசைக்குக் கீழே இருந்த யூபிஎஸ். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கியது, உள்ளே பெற்றரி எப்போதோ செத்துவிட்டது, புதுச் சுமை ஏறியவுடன் தன்னைத் தானே சோதித்துப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தது. ஈய பெற்றரிக்கு இரண்டு மூன்று வருசம்தான் ஆயுள். யூபிஎஸ்ஸைத் தள்ளிவைத்துவிட்டு நேரே சுவரில் கொளுவினேன், அப்போதும் படம் வரவில்லை, ஆனால் குறைந்தபட்சம் பீப் நின்றது. அதற்குப் பிறகுதான் அழிறப்பருக்கு வந்தேன்.

யூபிஎஸ் பற்றி இன்னொன்று. பெற்றரி நல்லது, ஆனால் கரண்ட் போகிற கணத்தில் மெஷின் மட்டும் அணைகிறது என்றால், மலிவு யூபிஎஸ் தருகிற சதுர அலையும் உங்கள் பவர் சப்ளைக்குள் கரண்டைச் சீராக இழுக்கிற ஆக்டிவ் பிஎஃப்சி சுற்றும் ஒத்துப்போகவில்லை. 650 விஏ என்று போட்டிருப்பது 650 வாட் கிடையாது, ஏறக்குறைய 360இலிருந்து 390 வாட்தான்.

2560க்கு 1440 பட்டியலிலேயே இல்லை

இதைக் கார்ட் வாங்குவதற்கு முன் வாசித்திருந்தால் சிலருக்குக் காசு மிச்சம். இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல்லின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், எச்டிஎம்ஐ வழியாகக் கொடுக்கக்கூடிய உச்சம் 1920க்கு 1200. விஜிஏயைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், இந்த அளவுத் திரையில் எழுத்தெல்லாம் நனைந்த தாள் மாதிரி இருக்கும். ஆனால் அதே பெட்டியின் பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் (அலுவலகப் பெட்டிகளில் அனேகமாக இருக்கும்) அது 2560க்கு 1600 வரை தாராளமாகக் கொடுக்கும். அதாவது பெரிய திரைக்கு மட்டும்தான் ஆசையென்றால், ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளோடு வேலை முடிந்துவிடும். கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் கேட்கவும் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மொனிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும்தான் என்று, டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுகிற மலிவுத் துண்டு ஒன்றை வாங்கிக் கொளுவினால், பெட்டிக்குள்ளிருந்து போவது எச்டிஎம்ஐ சிக்னல்தான். பழையபடி 1920க்கு 1200. எதிர்த்திசையில், எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மொனிட்டருக்குப் போக அந்தத் துண்டு வேலையே செய்யாது, தனி மின்சாரத்தில் ஓடுகிற மாற்றி வேண்டும். பழைய டிவிஐ கேபிளிலும் ஒற்றை, இரட்டை என்று இரண்டு வகை. ஒற்றை 1920க்கு 1200இல் நின்றுவிடும், தலையின் நடுவில் பின்கள் வெறுமையாக இருந்தால் அது ஒற்றை.

4கே திரை வாங்கியவர்களுக்கு: படம் வருகிறது, ஆனால் மவுஸ் தேன் பாணியில் நீந்துகிற மாதிரி இழுபடுகிறது என்றால் 30 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 30 படம்) ஓடுகிறது. எச்டிஎம்ஐ 1.4இன் எல்லை அதுதான். 60 வேண்டுமென்றால் கார்ட், கேபிள், மொனிட்டரின் இன்புட் மூன்றும் எச்டிஎம்ஐ 2.0 ஆக இருக்க வேண்டும், அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2. சில மொனிட்டர்களில் இன்புட்டை 2.0க்கு மாற்றும் இடம் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும்.

திரை பெரிதானது, யூடியூப் திக்கத் தொடங்கிவிட்டது

இது எனக்கு மிகவும் பிடித்த குணங்குறி, ஏனென்றால் ஒன்றுமே பழுதில்லை. 19 இஞ்சித் திரையில் யூடியூப் அளவாக ஒரு வீடியோவைக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1440 திரையை முழுதாக விரித்தவுடன் அது 1440 வீடியோவைக் கொடுக்கிறது. 1080க்கு மேல் யூடியூப்பில் எச்.264 என்ற பழைய வீடியோச் சுருக்க முறை (கோடெக்) கிடையாது, விபி9 அல்லது ஏவி1தான். மூன்றாம் தலைமுறை இன்டெல்லின் உள் கிராபிக்ஸுக்கு எச்.264 தெரியும், மற்ற இரண்டும் தெரியாது. அதனால் முழுச் சுமையும் சிபியுவின் தலையில் விழுகிறது, காற்றாடி கதறுகிறது.

வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து, 'ஸ்டட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்' என்பதைத் திறந்தால் எந்தக் கோடெக் என்று எழுதியிருக்கும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து, வீடியோ டிகோட் கோடு மேலே ஏறுகிறதா, தரையிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். தரையில் கிடந்தால் கார்ட் சும்மா இருக்கிறது. ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற என்விடியா கார்ட்கள் விபி9ஐத் தாங்களே விரிப்பவை, ஆனால் ஏவி1 அவற்றுக்கும் தெரியாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 எவ்வளவோ பிந்தி 2022இல் வந்தது, அதற்கும் ஏவி1 இல்லை. ஏவி1ஐ மட்டும் தடுக்கிற பிரௌசர் நீட்சி ஒன்றைப் போட்டால் யூடியூப் விபி9க்கு இறங்கிவரும், கார்ட் வேலையைத் தோளில் எடுத்துக்கொள்ளும், காற்றாடி அடங்கும். என் கார்ட் சம்பாதித்துத் தருவது உண்மையில் இந்த ஒரு வேலையில்தான்.

கார்ட் போட்டும் வேகத்தில் மாற்றமில்லை

மேலே சொன்ன கேபிள் இடம் மாறிய கதை இங்கேயும் வரும். மதர்போர்ட் வழியை மூடாத பெட்டியென்றால் படமும் வரும், கார்ட் உள்ளே சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். தெரிந்த அண்ணை ஒருவர் மூன்று மாதம் இப்படி ஓட்டியிருக்கிறார். கேபிளை மாற்றிக் கொளுவிவிட்டு வந்தேன், நான் ஏதோ மந்திரம் போட்டதாக இன்னும் சொல்லித் திரிகிறார்.

அடுத்தது, வாங்கிய கார்ட் எது? ஜிடி 1030 என்ற பெயரில் இரண்டு கார்ட் இருக்கிறது. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிகாபைட். அடுத்த வருசம் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு வந்ததில் அது ஏறக்குறைய 17 ஜிகாபைட்டாகக் குறைந்துவிட்டது. பெட்டியின் முகப்பில் ஒரே எழுத்து, பக்கவாட்டில் சின்ன எழுத்தில்தான் வித்தியாசம். ஆர்எக்ஸ் 6400க்கு வேறு குறை: அது நாலே நாலு பாதையில்தான் மதர்போர்ட்டோடு கதைக்கும், பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வேகத்தை நம்பிச் செய்தது. பழைய 2.0 ஸ்லொட்டில் அந்த நாலு பாதை நொடிக்கு 2 ஜிகாபைட்தான். ரயில் பாதைக் கடவையில் முழு வாகனமும் ஒற்றை வரிசையில் நிற்பது மாதிரி.

ஜிடி 710, ஜிடி 730 இன்னும் புதுப் பெட்டியில் கிடைக்கிறது. வேண்டாம். ஏன் என்பது ட்ரைவர் பகுதியில்.

பாரமான வேலை கொடுத்தவுடன் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிறது

கரண்ட். வேறு எதையும் யோசிக்க முன் கரண்ட். மெல்லிய அலுவலகப் பெட்டிகளில் பவர் சப்ளை 240 வாட் அளவில் இருக்கும். ஐ5 3470 போன்ற சிபியு முழு மூச்சில் 77 வாட் கேட்கும், மதர்போர்ட், டிஸ்க், காற்றாடி எல்லாம் ஒரு 40 என்று வையுங்கள். ஸ்லொட் வழியாகக் கார்ட் எடுக்கக்கூடிய உச்சம் 75. கூட்டினால் 192, தாளில் சரி. ஆனால் பத்து வருசம் சூட்டில் வெந்த கபாசிட்டர்கள் புதிதில் போல நிற்காது, கார்ட் எடுக்கிற சுமையும் நேர்கோடு கிடையாது, திடீர் திடீரென்று துள்ளும். அதோடு 75 வாட்டைவிடக் குறைவாக மட்டும் ஸ்லொட்டில் எடுக்கச் சொல்கிற பெட்டிகளும் இருக்கின்றன, உங்கள் மொடலின் சேவைக் கையேட்டில் அந்த எண்ணைப் பாருங்கள். ஜிடி 1030 30 வாட், ஆர்எக்ஸ் 6400 53 வாட், ஜிடிஎக்ஸ் 1650 75 வாட். மெல்லிய பெட்டிக்கு முதல் இரண்டில் ஒன்றோடு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

கார்டில் ஆறு பின் கரண்ட் வாய் இருக்கிறது, பவர் சப்ளையில் அதற்குரிய வயர் இல்லை, கடையில் சாட்டாவிலிருந்து ஆறு பின்னுக்கு மாற்றுகிற வயர் ஒன்று தருகிறார்கள் என்றால் வாங்காதீர்கள். சாட்டா கரண்ட் தலையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒன்றுக்கு ஒன்றரை அம்பியர், மொத்தம் 54 வாட். ஆறு பின் வாய் 75 வரை கேட்கலாம். பிளாஸ்டிக் உருகி மணம் வந்த பிறகுதான் பலருக்கு இந்தக் கணக்கு விளங்குகிறது.

திரை இரண்டு செக்கன் நூர்ந்து திரும்ப வருகிறது

எப்போது நூர்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். என் வீட்டில் சீலிங் பேன் சுவிட்சை நூர்க்கிற கணத்தில் திரை போய் வந்தது. பேன், பிரிட்ஜ் மாதிரி சுருள் உள்ள சாமான் அணையும்போது ஒரு சின்னப் பொறி பறக்கும், அதன் சத்தத்தை மோசமான கேபிள் அன்டெனா மாதிரிப் பிடித்துக்கொள்ளும். பழைய திரையின் சின்ன சிக்னலுக்கு அந்தக் கேபிள் தாங்கியது, பெரிய திரைக்குத் தாங்கவில்லை. நீளம் குறைந்த, கனமான கேபிள் போட்டதோடு நின்றது. ஹெர்ட்ஸை 144இலிருந்து 60க்கு இறக்கினால் நிற்கிறதென்றாலும் பழி கேபிளுக்குத்தான்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் மட்டும் வருகிற வினோதம் ஒன்று: இருபதாவது பின். தரப்படி கேபிளின் இரு தலைகளுக்கும் இடையில் அது இணைந்திருக்கக் கூடாது. சில மலிவுக் கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். மொனிட்டரிலிருந்து 3.3 வோல்ட் பின்வழியாக மெஷினுக்குள் ஏறும். மெஷினை அணைத்த பிறகும் கார்டில் விளக்கு மினுங்குவது, சிலநேரம் எழும்ப மறுப்பது எல்லாம் இதனால் வரலாம்.

எழுத்து மங்கல், புள்ளி தெரியவில்லை

எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கல்வெட்டுக்கு (இறந்தவருக்காக அச்சிடுகிற நினைவு மலர்) வருகிற தேவாரத்தில் ஒரு புள்ளி தவறினால் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல முடியாது. 27 இஞ்சியில் 1920க்கு 1080 எடுத்தால் இஞ்சிக்கு 82 புள்ளிதான், பழைய 19 இஞ்சிச் சதுரமே 86. பெரிய திரை வாங்கிக் கண்ணைக் கெடுத்த கதையாகிவிடும். 1440 என்றால் 109, அதற்கு விண்டோஸில் 100 அல்லது 125 வீதம் வைத்தால் க, க் இரண்டும் கண்ணை இடுக்காமல் பிரிந்து தெரியும்.

அளவு சரி, இருந்தும் சிவப்பு எழுத்தின் ஓரம் மட்டும் கசிகிறது என்றால் நிறத் தகவலை அரைவாசியாகச் சுருக்கி அனுப்புகிறது கார்ட். என்விடியா கன்ட்ரோல் பனலில் வண்ண முறையை ஆர்ஜிபி, முழு வீச்சு என்று மாற்றுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிவதும் அதே இடத்தில் தீரும். ரீவியை மொனிட்டராக்கியவர்கள் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் ரீவியின் மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கான்' போன்றதைத் தேடி, இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றி, ஷார்ப்னஸைக் குறையுங்கள். கடைசியாக விண்டோஸில் எழுத்தைக் கூர்மையாக்கும் கிளியர்டைப்பை ஒருமுறை ஓட்டுங்கள். சரி.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது

செருப்பில்லாமல் நின்று இரும்பு மூடியைத் தொடும்போது விரலில் எறும்பு கடிக்கிற மாதிரி இருந்தால் எர்த் இல்லை. கொழும்பின் பழைய வீடுகளில் உருண்டைப் பின் சொக்கெட்டுக்கு எர்த் வயரே வராமல் இருப்பதுண்டு, அல்லது 13 அம்பியர்ச் சதுரச் சொக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திறந்து இரண்டு பின்னை ஏற்றியிருப்போம். எர்த் இல்லாதபோது பவர் சப்ளையின் வடிகட்டிக் கபாசிட்டர்கள் வழியாகப் பெட்டியின் இரும்பு ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகச் சிறிது, ஆளைக் கொல்லாது. ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைக் கொளுவினால் அந்த வோல்ட் போர்ட்டுக்குள் இறங்கி, புது மொனிட்டரின் இன்புட் ஒன்றையே எரித்துவிடலாம். வயரிங் பாஸ் வந்து எர்த்தைச் சரிபார்க்கும் வரை, இரண்டின் ப்ளக்கையும் சுவரில் கழற்றிவிட்டுத்தான் கேபிளைத் தொடுங்கள். சித்திரை, ஐப்பசி இடி மின்னல் காலத்தில் எப்படியும் கழற்றிவைப்பது நல்லது.

ட்ரைவர் ஏறவில்லை, கோட் 43, திரையில் கோடும் புள்ளியும்

'ஏற்ற ஹார்ட்வெயார் இல்லை' என்று ட்ரைவர் மறுத்தால் அனேகமாகக் கார்ட் கிழடு. ஜிடி 710 அடங்கிய கெப்லர் என்ற பழைய என்விடியா குடும்பத்துக்குப் புது ட்ரைவர் 470 கிளையோடு (அந்தப் பதிப்பு வரிசையோடு) முடிந்தது. 900, 1000 வரிசைகளுக்கு 580 கிளைதான் கடைசி. 2025 ஒக்டோபரோடு கேம் ட்ரைவர் நின்றது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 ஒக்டோபர் வரை. உங்கள் கார்டுக்குரிய கிளையைத் தேடி எடுத்துப் போடுங்கள், அதற்கு முன் டிடியு என்ற கருவியால் பழைய ட்ரைவரை வழித்து எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் கோட் 43 (கார்டில் பிழை என்று விண்டோஸ் அதை நிற்பாட்டியது) என்றால் கார்டின் விபரம் காட்டுகிற ஜிபியு-இசட் என்ற கருவியைத் திறந்து பாருங்கள். ஜிடிஎஸ் 450 போன்ற பழைய சில்லுக்கு 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்பது பழைய வித்தை. 2018இலிருந்து ஜிபியு-இசட் அப்படிப்பட்ட கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' (போலி) என்று போட்டுக் காட்டிக்கொடுக்கும். பழைய கார்ட் எடுக்கும்போது ஒரு கிழமை செக்கிங் வாரண்டி என்பார்கள், அந்த முதல் நாளே இதைப் பார்த்துவிடுங்கள்.

கோடும் புள்ளியும் வந்தால் அந்த நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் கோடு தெரிந்தால் கார்ட் நோயாளி. போனில் துப்புரவாக இருந்தால் கேபிள், போர்ட், மொனிட்டர் மூன்றில் ஒன்று. கார்ட்தான் என்றால் சூடு இறக்கும் ஹீட்சிங்கைக் கழற்றி, அதற்கும் சில்லுக்கும் இடையில் இருக்கும் பேஸ்ட்டை மாற்றி, மெமரி வேகத்தைக் கொஞ்சம் இறக்கிச் சில காலம் ஓட்டலாம். 2022 செப்ரெம்பரில் எதீரியம் மைனிங் (கார்ட்களை இரவு பகலாக ஓட்டி டிஜிட்டல் காசு சம்பாதிப்பது) நின்ற பிறகு சந்தைக்கு வந்து குவிந்த கார்ட்களில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடப்பது சாதாரணம்.

மூடி மூடுபடவில்லை

மெல்லிய பெட்டிக்கு லோ புரோபைல் (உயரம் குறைந்த) கார்ட், அதற்குரிய குட்டைத் தகட்டோடு. பழசாக எடுக்கும்போது அந்தக் குட்டைத் தகட்டைக் கேட்டு வாங்குங்கள், பிறகு தனியாகத் தேடி அலைய ஏலாது. இரண்டு ஸ்லொட் தடிப்பான கார்ட் என்றால் பக்கத்துச் சாட்டா வயரில் முட்டும், அளந்துகொண்டு போங்கள். மூடியைத் திறந்தபடி வைத்து ஓட்டலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: பல்லி. சூடான இடம் பார்த்து உள்ளே போய், பவர் சப்ளைக்குள் புகுந்து, தானும் கருகி மெஷினையும் நிற்பாட்டிவிடும். பின்பக்கத்தில் பழைய கார்ட் இருந்த இடத்து ஓட்டையும் போதும் அதற்கு. மறைப்புத் தகடு தொலைந்திருந்தால் யூனிட்டி பிளாசாவில் பழைய பெட்டி பிரிக்கிற ஆக்களிடம் கேளுங்கள், காலடியில் ஒரு டப்பா நிறையக் கிடக்கும்.